அகாடமி பையன் முதல் அணிக்கு எப்படிப் போகிறான்?

ஜொகூர், குளுவாங் பக்கத் தோட்டத் திடல்களில் பெற்றோர் கேட்பது இதுதான்: "காற்பந்து அகாடமியில் சேர்த்துவிட்டால் பெரிய டீமில் ஆடிவிடுவானா?"

அகாடமி என்பது கிளப் தன் ஆட்டக்காரர்களைச் சிறுவயதிலிருந்தே வளர்க்கும் பயிற்சிப் பள்ளி. வயதுவாரி அணிகள், இரண்டாம் அணி, அதன் பிறகே முதல் அணி. நம் ஜொகூர் கிளப்பான ஜேடிடியிலும் (ஜொகூர் டாருல் தாக்சிம்) இரண்டாம் அணி உண்டு.

இத்தனை படி ஏன்? 17 வயதில் பந்துத் திறமை இருக்கும். பெரியவர்களின் தோள் இடியைத் தாங்கும் உடம்பும், ஒரு தப்புக்கு மூன்று புள்ளி பறிபோகும் நெருக்கடிப் பழக்கமும் இருக்காது. அது பயிற்சியில் வராது, ஆடித்தான் வரும். அதனால் முதலில் ஜெயிக்கப்போகும் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம், பிறகு கிண்ண ஆட்டம், தேவைப்பட்டால் வேறு கிளப்புக்கு இரவல்.

செம்பனைக் கன்று மாதிரிதான். சின்னப் பையில் ஏறக்குறைய மூன்று மாதம், பெரிய பையில் ஒரு வருடம்போல, அப்புறம்தான் தோட்டத்தில் நடுவோம். கோணலாக வளர்வதை நாற்றங்காலிலேயே கழித்துவிடுவார்கள். அகாடமியிலும் பெரும்பாலோர் அப்படித்தான் வெளியேறுகிறார்கள்; இதைப் பெற்றோரிடம் யாரும் உடைத்துச் சொல்வதில்லை. ஸ்பெயின் ஆட்டக்காரர் லாமின் யாமால் 2023-இல் 15 வயதிலேயே பார்சிலோனா கிளப்பின் முதல் அணிக்கு இறங்கியது விதிவிலக்கு.

இரவல் அனுப்பினால் கிளப் கைகழுவிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் கோல் வேட்டைக்காரர் ஹேரி கேனை லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம் நான்கு கிளப்புகளுக்கு இரவல் கொடுத்த பிறகுதான் முதல் அணியில் நிலையாக நிறுத்தியது.