கற்பனைத் தீவில் நடக்கும் சாகச நாவல் எழுதுகிறேன். நிலவு, திசை, கடல் ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தே ஆக வேண்டுமா?

‘தீவே பொய், அதில் நிலவை யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பார்கள். என் நாவலில் ஒருவர் பார்த்தார்.

நீங்கள் ஏழெட்டு அத்தியாயம் முடித்திருப்பீர்கள். படித்த நண்பர் ஏதோ குறை சொல்லியிருப்பார். ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்று இங்கே வந்திருப்பீர்கள். நான் அந்த நிம்மதியைத் தேடி அலைந்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

என் கதையில் புதையல் ஒரு கடற்குகைக்குள் இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டுமே குகையின் வாய் தெரியும். பௌர்ணமியன்று நண்பகலில் நாயகன் உள்ளே போகிறான், பெட்டியைப் பார்க்கிறான், தனியாகத் தூக்க முடியாமல் திரும்புகிறான். சரியாக ஒரு வாரம் கழித்து, அதே நண்பகலில், கயிறும் துணைக்கு ஓர் ஆளுமாகப் போய் எடுத்து வருகிறான். அந்த அத்தியாயத்தை நானே நான்கு முறை படித்து ரசித்திருந்தேன்.

புத்தகம் வந்த சில வாரங்களில் ஒரு கடிதம் வந்தது. கடலோரத்தில் வளர்ந்தவராம். பாராட்டு ஒரு வரி, மற்றதெல்லாம் கணக்கு. ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். முதல் வாரம் நண்பகலில் வற்றிக் கிடந்த கடல் அடுத்த வாரம் அதே நேரத்தில் ஏறி நிற்கும். போதாக்குறைக்கு, பௌர்ணமியன்று இறங்கிய அளவுக்கு அஷ்டமியன்று எந்த வேளையிலும் கடல் இறங்காது. ‘உங்கள் நாயகன் குகை வாயைக் கண்டிருக்கவே மாட்டான்’ என்று முடித்திருந்தார்.

சில கடல்களில் நாளுக்கு ஒரே ஓதம்தான், சில இடங்களில் ஏற்ற இறக்கமே கண்ணுக்குத் தெரியாது என்று கீழே எழுத யாராவது தயாராக இருப்பீர்கள். தெரியும். ஆனால் என் தீவில் நாளுக்கு இரண்டு ஓதம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதித் தொலைத்திருந்தேன். தப்ப வழியில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ‘இது கற்பனை ஐயா’ என்று இரண்டு பக்கப் பதில்கூட எழுதினேன். அனுப்பவில்லை. அந்த நேரத்தில் ஸ்டீவன்சன் தன் ‘புதையல் தீவு’ பிறந்த கதையைச் சொல்லும் கட்டுரை கையில் கிடைத்தது. 1881இல் விடுமுறைக்குப் போன இடத்தில், மனைவியின் முதல் மணத்து மகனோடு விளையாட்டாக ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் பூசுகிறார். கதை அந்தப் படத்திலிருந்து முளைக்கிறது. 1883இல் நூலாக வரும் நேரத்தில், அனுப்பிய படம் வந்து சேரவே இல்லை என்று பதிப்பகத்தார் சொல்லிவிடுகிறார்கள். மனிதர் எழுதி முடித்த கதை முழுவதையும் வரி வரியாகத் துருவி, எங்கெங்கே எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று குறித்து, அதற்குப் பொருந்தும்படி புதிதாக ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. பிறகு வேறொரு கதையில் நிலவிடம் மாட்டிக்கொண்டு, பஞ்சாங்கம் இல்லாமல் எழுதுவதே இல்லை என்ற முடிவுக்கு வந்ததாகவும் அதே கட்டுரையில் சொல்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றதும் என் கோபம் இறங்கிவிட்டது.

‘பவளத் தீவு’ எழுதிய பாலன்டைன் கதை இன்னும் வேடிக்கை. பவளத்தீவு எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. கடையில் விற்கும் உரித்த தேங்காயைத்தான் பார்த்திருந்தார், அப்படியே மரத்திலும் காய்ப்பதாக எழுதிவிட்டார்! அந்த அவமானத்துக்குப் பிறகு, கலங்கரை விளக்கம் பற்றி எழுத வேண்டும் என்றால் அங்கேயே போய்த் தங்கி எழுதும் ஆளாக மாறினார்.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘சுவிஸ் குடும்ப ராபின்சன்’ 1812இல் வந்தது. அதில் பெங்குவினும் கங்காருவும் சிங்கமும் ஒரே தீவில் திரிகின்றன. இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகவே, தவறு இருந்தால் புத்தகம் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் சரி பார்த்ததால் கதைக்கே லாபம், அவ்வளவுதான்.

எப்படி என்றால், ஏறக்குறைய 15 நாளில் ஓதம் பழைய நேரத்துக்குத் திரும்புகிறது. பௌர்ணமி போய் அமாவாசை வருவதால் கடலும் அதே அளவு நன்றாக வற்றுகிறது. ‘ஒரு வாரம்’ என்பதை ‘அமாவாசை வரை’ என்று மாற்றினேன். உடனே என் ஆட்கள் எதிரிகளின் மூக்குக்கு நேராகப் பதினைந்து நாள் பதுங்கியிருக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் தீர்ந்தது. ஒருவன் கட்சி மாறினான். நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் இதில் எதுவும் தோன்றியிருக்காது.

குடிநீரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான சின்னப் பவளத்தீவில் அருவி விழாது. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும், அதைத் தோண்டித்தான் குடிக்க வேண்டும். அருவி வேண்டும் என்றால் தீவில் மலை வையுங்கள்.

இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றையும் திருத்தினேன். தீவின் படத்தையும் நானே வரைந்து கொடுத்தேன். ஒரு தாள் கூடும் என்று பதிப்பாளர் அதை எடுத்துவிட்டார். நீங்கள் கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: படத்துக்குத் தாள் இல்லை, ஆனால் அவருடைய பிற வெளியீடுகளின் பட்டியலுக்கு நான்கு பக்கம் இருந்தது. அட்டையை என்னிடம் காட்டவே இல்லை. ஆளில்லாத் தீவு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், அட்டையில் ஒரு கலங்கரை விளக்கம் பளீரென்று எரிகிறது.

கடலோர வாசகருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். ஓதம் இப்போது சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. கீழே இன்னொரு வரி: ‘அந்த விளக்கை ஏற்றியது யார்?’