எடிசனிலிருந்து டாலஸுக்கு: குழந்தைகளுக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: அம்மா, வணக்கம். நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறோம். என் கணவருக்கு டெக்சாஸில், டாலஸை ஒட்டிய இர்விங் நகரின் லாஸ் கொலினாஸ் பகுதிக்கு வேலை மாறியிருக்கிறது. ஜூலையில் குடிபெயர வேண்டும். மகன் இரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிறான், பள்ளியில் ஐ.இ.பி. என்னும், தனித் தேவையுள்ள குழந்தைக்கென்று வகுக்கப்படும் கல்வித் திட்டத்தின் கீழ் வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி பெறுகிறான். மகளுக்குச் செப்டம்பர் 18 அன்று ஐந்து வயது நிறைகிறது. டாலஸுக்கு வடக்கே உள்ள ஃப்ரிஸ்கோ நகரின் பள்ளிகளுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் என்று நண்பர்கள் சொல்வதால், அங்கேயே வீடு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கோ பயமாக இருக்கிறது. வட்டார அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? "அங்கே எனக்கு யாரையுமே தெரியாதே" என்று மகன் இப்போதே இரவில் அழுகிறான்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன்

பதில்: அன்புள்ள சகோதரி, ஃப்ரிஸ்கோவின் மதிப்பெண்ணுக்கு முன்பாக, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் செப்டம்பர் 18 என்ற தேதியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் பல பள்ளி மாவட்டங்கள் அக்டோபர் 1 வரை ஐந்து வயது நிறையும் குழந்தைகளை, முதல் வகுப்புக்கு முந்தைய கிண்டர்கார்டனில் சேர்த்துக்கொள்கின்றன. டெக்சாஸில் மாநிலம் முழுவதற்கும் செப்டம்பர் 1 தான் கணக்கு. ஆகவே எடிசனில் இருந்தால் இந்த ஆண்டே கிண்டர்கார்டனுக்குப் போயிருக்கக்கூடிய உங்கள் மகள், டெக்சாஸில் பதினேழு நாள் வித்தியாசத்தில் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், ஆகஸ்டில் பள்ளி அலுவலகத்தில் நின்றுகொண்டு முதன்முறையாகக் கேட்பது மிகவும் சங்கடமானது. (வேறு மாநிலத்து அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டனை ஏற்கெனவே முடித்துவிட்டு வரும் குழந்தையை, வயது குறைவாக இருந்தாலும் முதல் வகுப்பில் சேர்க்க டெக்சாஸ் சட்டம் இடம் தருகிறது. தனியார் பள்ளியில் முடித்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.)

அந்த ஓர் ஆண்டை வீணான காலமாக நினைக்க வேண்டாம். செப்டம்பர் 1 அன்று நான்கு வயது நிறைந்திருக்கும் குழந்தைகளுக்கு டெக்சாஸ் மாவட்டங்கள் கிண்டர்கார்டனுக்கும் முந்தைய ப்ரீ-கே வகுப்பு நடத்துகின்றன. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் இன்னும் வராத குழந்தைகள், குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு அது இலவசம். வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த குழந்தை என்றால் உங்கள் மகளுக்குத் தகுதி இருக்கக்கூடும். சேர்க்கையின்போது வீட்டில் பேசப்படும் மொழி எது என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் குழந்தையைத் தாழ்வாக எடை போட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, "ஆங்கிலம்" என்று எழுதிவிடும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அது பொய் என்பது ஒருபுறம் இருக்க, குழந்தைக்குச் சேர வேண்டிய உதவியைத் தாமே மறுப்பதும் ஆகும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதன் பிறகு பள்ளியே குழந்தையின் ஆங்கிலத்தைச் சோதித்து முடிவு செய்யும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். எடிசனில் ஊரின் எல்லையும் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் ஒன்றாகவே இருப்பதால், ஊர் பெயரைச் சொன்னாலே மாவட்டமும் தெரிந்துவிடுகிறது. டெக்சாஸில் அப்படி இல்லை. அங்குள்ள ஐ.எஸ்.டி. என்னும் சுயேச்சையான பள்ளி மாவட்டங்களின் எல்லைகள் நகர எல்லைகளை மதிப்பதே இல்லை. ஃப்ரிஸ்கோ நகரத்து முகவரி கொண்ட வீடு லூயிஸ்வில், ப்ராஸ்பர், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் ஒன்றில் அமையலாம். பிளேனோ நகரத்தின் ஒரு பகுதி ஃப்ரிஸ்கோ மாவட்டத்தில் இருக்கிறது. உங்கள் கணவரின் அலுவலகம் இருக்கும் இர்விங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே நகருக்குள் இர்விங் மாவட்டம், கேரல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் மாவட்டம், வேலி ராஞ்ச் பக்கம் கோப்பெல் மாவட்டம் என்று மூன்று இருக்கின்றன. எனவே "ஃப்ரிஸ்கோ நல்லது" என்ற பேச்சோடு நின்றுவிடாமல், வீட்டு எண்ணும் தெருப் பெயரும் கையில் இருக்கும் நிலையில்தான் பள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்க முடியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாடகை அலுவலகத்தில், இன்ன பள்ளிதான் உங்களுக்கு என்று உறுதியாகச் சொன்னார்கள். நாங்களும் நம்பி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். பள்ளியில் சேர்க்கப் போன அன்று, அலுவலகத்தில் இருந்த பெண்மணி எங்கள் முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டுக் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மாவட்ட எல்லைக்கோடு எங்கள் கட்டடத்தின் பின்வேலியை ஒட்டி ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் நடந்தே அந்தப் பள்ளிக்குப் போனார்கள். எங்கள் பிள்ளைகள் பேருந்தில் வேறு பள்ளிக்குப் போனார்கள். அந்தப் பள்ளியும் நன்றாகவே இருந்தது என்றாலும், முதல் மாதம் முழுக்க என் மனம் ஆறவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், மாவட்டத்தின் இணையதளத்தில் முகவரியை இட்டுப் பாருங்கள். அத்தோடு விடாமல் மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த கல்வியாண்டிலும் இதே பள்ளிதானா என்று கேளுங்கள்.

"அடுத்த ஆண்டிலும்" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டாலஸ் வட்டாரத்தின் பழைய புறநகர்களில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்து வருவதால், பெயர்பெற்ற மாவட்டங்களே பள்ளிகளை மூடுகின்றன. 2024 இல் பிளேனோ மாவட்டம் நான்கு பள்ளிகளையும் லூயிஸ்வில் மாவட்டம் ஐந்து தொடக்கப் பள்ளிகளையும் மூட முடிவு செய்தன. ஒரு பள்ளி மூடப்பட்டால் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் எல்லைகளும் மாற்றி வரையப்படும். ஒரு குறிப்பிட்ட பள்ளிக்காகவே முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கியவர்களுக்கு அப்போது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஊர் தெரியாமல், வெயில் தெரியாமல், அலுவலகம் போய்வரும் நேரம் தெரியாமல் வாங்கும் வீடு எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் போய்வரும் நேரமும் பள்ளிக் கணக்கில் சேர்த்தியே. ஃப்ரிஸ்கோவிலிருந்து லாஸ் கொலினாஸ் ஏறத்தாழ 25 மைல். பெரும்பாலும் சுங்கச் சாலைகள். காலை, மாலை நெரிசலில் வழி நீண்டுகொண்டே போகும். புது ஊரில் முதல் ஆண்டில் உங்கள் மகனுக்குப் பத்துக்குப் பத்துப் பள்ளியை விட, ஆறு மணிக்கு வீடு திரும்பும் அப்பா அதிகம் தேவைப்படுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலி ராஞ்ச் பக்கம் வாடகை வீடு கிடைத்தால் அதை முதலில் பாருங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீடு தேடும் தளங்களில் பச்சை வட்டத்துக்குள் தெரியும் அந்த எண்ணில் தேர்வு முடிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வு முடிவுகளோ பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே அமைகின்றன. பத்துக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஆசிரியரின் திறமையில் உள்ள வித்தியாசம் ஆகாது. டெக்சாஸ் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை தரும் தரத்தில், மாணவர்கள் ஓர் ஆண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்குத் தனிப் பகுதி உண்டு. பார்ப்பதானால் அதைப் பாருங்கள். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பறையில் 22 பேர் என்பது அந்த மாநிலத்தின் வரம்பு, ஆனால் பள்ளிகள் விலக்கு வாங்கிக்கொள்ள முடியும். விலக்கு வாங்கியிருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

மகனுடைய பேச்சுப் பயிற்சி பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். ஐ.இ.பி. உள்ள குழந்தை மாநிலம் மாறினால், புதிய மாவட்டம் தன் சொந்த மதிப்பீட்டை முடிக்கும் வரை அதற்கு ஒப்பான சேவையை வழங்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். நடைமுறையில் கோப்பு போய்ச் சேரத் தாமதமானால் பயிற்சியும் தாமதமாகும். ஆகவே நடப்பு ஐ.இ.பி., கடைசி மதிப்பீட்டு அறிக்கை, மதிப்பெண் அட்டை ஆகியவற்றின் நகல்களை எடிசனிலேயே கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றாமல் உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் இதற்கான கூட்டத்தை ஏ.ஆர்.டி. என்பார்கள், பெயர் வேறு என்பதால் குழம்ப வேண்டாம். பள்ளியை அழைக்கும்போது, பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

தடுப்பூசிப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். டெக்சாஸ் பள்ளிகள் ஹெபடைடிஸ் ஏ ஊசி இரண்டு தவணை கேட்கின்றன. நியூ ஜெர்சி பள்ளிகள் அதைக் கேட்பதில்லை. இரண்டு தவணைகளுக்கு இடையில் ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்பதால், விடுபட்டிருந்தால் இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பாடத்திட்டமும் மாறும். டெக்சாஸின் பாடத்திட்டம் தனி. அங்கு இரண்டாம் வகுப்பில் ஆங்கிலக் கூட்டெழுத்து (கர்சிவ்) கற்பித்து, மூன்றாம் வகுப்பில் சொற்களை அந்த எழுத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது பழக்கமில்லையென்றால் கோடையில் தினம் பத்து நிமிடம் போதும். புது வகுப்பில் முதல் வாரமே கரும்பலகையைப் படிக்கத் தெரியாமல் அவன் விழிக்க நேராது. பள்ளி ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும், எடிசனைப் போலச் செப்டம்பரில் அல்ல. ஆகவே ஜூலைக் கடைசியில் போய் இறங்கும் திட்டம் இருந்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, இரவில் அழும் அந்தக் குழந்தை. "புது நண்பர்கள் கிடைப்பார்கள்" என்று உடனே சமாதானம் சொல்லாதீர்கள். அவனுக்கு இருக்கிற நண்பர்களை விட்டுப் பிரிவதுதான் வலி, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நண்பனின் பெயரையும், பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் அவன் கையாலேயே எழுத வையுங்கள். வீடு பார்க்கப் போகும்போது அவனையும் அழைத்துப்போய், மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாசலுக்கு எதிரே அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், கடைசிப் பிள்ளையை யார் கைபிடித்து அழைத்துவருகிறார்கள் என்பதை நீங்களும் பார்க்கலாம், அவனும் பார்ப்பான். பள்ளி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஆசிரியரைச் சந்திக்கும் மாலை ஒன்றைப் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் வைக்கின்றன. புதிதாக வருபவர்கள் அதைத் தவறவிடவே கூடாது. அன்று பென்சில் பெட்டியையும் நோட்டுகளையும் நீங்கள் தூக்கிப் போகாமல், அவனே கொண்டுபோய்த் தன் பெயர் ஒட்டிய மேசையில் அடுக்கட்டும்.