நின்னு விளையாடுற மேஜை எவ்ளோ உயரம் இருக்கணும்?

கேள்வி: வார்ஹேமர் 40கேன்னு, சின்னச் சின்ன படைவீரர் பொம்மைகள மேஜையில நகத்தி ஆடற போர் விளையாட்டு விளையாடுறோம், சாப்பாட்டு மேஜை உயரத்துல இருக்கற மடக்கு டேபிள் மேல 6க்கு 4 அடி பிளைவுட் போட்டிருக்கோம். மூணு மணி நேரம் குனிஞ்சு, பொம்மை நகர்ற தூரத்த டேப் வச்சு அளந்தா இடுப்பு கழண்டுடுது. புதுசா வாங்காம உயரத்த ஏத்த முடியுமா?

பதில்: தாராளமா முடியும். உங்க டேபிள் 29 இன்ச்சோ 30 இன்ச்சோ இருக்கும், அது உக்காந்து சாப்பிடறதுக்கான உயரம், நீங்களோ சுத்திச் சுத்தி வந்து நின்னுட்டே ஆடறீங்க, அப்புறம் இடுப்பு என்ன பண்ணும் பாவம். முழங்கைய மடக்கி நின்னு தரையிலிருந்து அளந்து அதுல ஒரு 5 இன்ச் கழிச்சுக்கோங்க. அஞ்சரை அடி ஆளுக்கு சுமாரா 36 வரும். கூட ஆடறவர் குள்ளம்னா அவர் அளவையே எடுங்க, ஏன்னா நடுவுல இருக்கற பொம்மைய எடுக்க 2 அடி எட்டணும், மேஜை ரொம்ப ஒசந்துட்டா முன்னாடி நிக்கிற டாங்க் பொம்மை மேல கை பட்டுடும்.

செங்கல்ல மட்டும் முட்டுக் குடுக்காதீங்க, ஒரு இடி இடிச்சா போதும், மாசக்கணக்குல பெயின்ட் பண்ணதெல்லாம் தரையில கிடக்கும். கால் தனித்தனியா தரையில ஊனியிருந்தா பிவிசி பைப்தான் பெஸ்ட். கால் நுழையற சைஸ் பைப்ப அடியிலிருந்து மாட்டினா குறுக்குக் கம்பியில போய் முட்டி நிக்கும். தரையிலிருந்து அந்தக் கம்பி 8 இன்ச்ல இருந்து, ஏத்த வேண்டியது 7 இன்ச்னா பைப்ப 15 இன்ச்சா வெட்டணும். நாலும் ஒரே அளவா இருக்கணும், கடையிலயே வெட்டித் தரச் சொல்லுங்க. லூஸா இருந்தா கால்ல இன்சுலேஷன் டேப் சுத்துங்க, அடியில எண்ட் கேப் போட்டா தரையும் கீறாது. ரெண்டு காலையும் தரையில ஒரே கம்பியா சேத்திருந்தா பைப் ஏறாது, அதுக்கு கட்டிலுக்கு வைக்கற குழிவான ரைசர் வாங்கிக்கோங்க, கம்பி அந்தக் குழியில உக்காருதான்னு பாத்து வாங்கணும்.

எனக்கு பயமே அந்த பிளைவுட்தான். மடக்கு டேபிள் அகலம் பெரும்பாலும் இரண்டரை அடிதான், 4 அடி பலகை போட்டா ரெண்டு பக்கமும் 9 இன்ச் வெளிய நிக்கும், ஒருத்தர் அதுல கைய ஊனி சாஞ்சா ஒசந்த மேஜை சட்டுனு சாஞ்சுடும். அதனால இன்னொரு மடக்கு டேபிள் கிடைச்சா அதையும் இதே உயரத்துக்கு ஏத்தி ரெண்டையும் ஒட்டிப் போட்டு கால்கள சேத்து கட்டிடுங்க. இல்லனா 60க்கு 44 இன்ச் பலகைக்கு மாறிடுங்க, இப்போ ஆளுக்கு 2000 பாயின்ட் மதிப்புள்ள படைய வச்சு ஆடற ஆட்டத்துக்கே அதுதான் அளவு, ஆனா அதையும் கிளாம்ப் போட்டு இறுக்கணும்.