பண்டைய கிரேக்கர்கள் ஏன் கடல் கடந்து குடியேறினார்கள்? சாகச ஆசையா, வியாபாரமா?

கேள்வியிலேயே ‘சாகச ஆசை’ என்று போட்டுவிட்டீர்கள். ஊரை விட்டு நகர வேண்டிய தேவை வராதவர் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் இருப்பது சிசிலியில், சிராகூசா நகரத்தில். கி.மு. 733 அளவில் கிரேக்க நகரமான கொரிந்தில் இருந்து வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் இது. நான் சரித்திரம் படித்தவன் இல்லை, வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. ஆனால் நான் பார்க்கிற சிஞ்ஞோரா (இத்தாலிய அம்மா) பள்ளியில் பழைய கிரேக்கம் படிப்பித்தவர். பின்னேரங்களில் அவரைச் சக்கர நாற்காலியில், நகரத்தின் பழைய பகுதியான ஒர்த்திஜியாத் தீவுக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அங்கே பேராலயத்தின் சுவருக்குள் பழைய அதீனா கோயிலின் தூண்கள் பாதி புதைந்து நிற்கும். அந்தச் சுவரடியில் இருந்துதான் கதை தொடங்குவார்.

முதல் கதையே உங்கள் சாகசத்தைக் கவிழ்த்துவிடும். ஆர்க்கியாஸ் என்பவனின் தலைமையில் இங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் கொரிந்துக்குப் பக்கத்தில் உள்ள தெனேயா என்ற கிராமத்துச் சனம் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். தெனேயா கடலோரம்கூட இல்லை. கமக்காரர் எதற்குக் கப்பல் ஏறினார்கள்? காணி. அப்பனின் நிலத்தை ஆண்பிள்ளைகள் பங்கு போடுவது அங்கே வழக்கம். இரண்டு தலைமுறை போனால் பங்கு ஆட்டுப்பட்டி அளவுக்கு வந்துவிடும். ஹெசியோட் என்ற கவிஞர் தன் சகோதரன் பெர்செஸோடு பங்குச் சண்டை போட்டு, அதைப் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு பிள்ளை போதும் என்ற புத்திமதியும் அதே பாட்டில் இருக்கிறது. கொரிந்தில் ஆட்சியும் ஒரே குலத்தின் கையில் இருந்தது.

இனி தேரா தீவு. இப்போது எல்லாரும் படம் எடுக்கப் போகிற சாந்தோரினிதான். ஏழு வருடம் மழை இல்லை. லிபியாவில் போய் ஊர் அமையுங்கள் என்று டெல்பிக் கோயிலின் அருள்வாக்கு. யாருக்கும் போக மனமில்லை. கடைசியில் சகோதரர்களில் ஒருவன் என்று சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்து, பாட்டோஸ் என்பவனைத் தலைவனாக்கி, ஐம்பது துடுப்புக் கப்பல் இரண்டில் ஏற்றினார்கள். சரிவரவில்லை என்று அவர்கள் திரும்பி வந்தபோது, சொந்த ஊர்ச் சனமே கரையில் நின்று எறிந்து விரட்டியது. பழைய கிரேக்கச் சரித்திரக்காரர் ஹெரோடோட்டஸின் நாலாம் புத்தகத்தில் இது இருக்கிறது. அவர்கள் பிறகு அமைத்த கிரேனே நகரில், கி.மு. நாலாம் நூற்றாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று, புறப்படும்போது தேராச் சனம் செய்த சத்தியத்தைச் சொல்கிறது. போக மறுத்தால் மரண தண்டனை, சொத்துப் பறிமுதல். அப்பன் மகனை ஒளித்தாலும் சகோதரன் சகோதரனை ஒளித்தாலும் அதே தண்டனை. மெழுகுப் பொம்மை செய்து எரித்து, சத்தியம் மீறுகிறவன் இப்படி உருகிப் போகட்டும் என்று சபித்தார்களாம்.

இதைக் கேட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் வீட்டில் சீட்டுக்கூடக் குலுக்கவில்லை. அக்காவுக்குச் சீதனம் போக மிஞ்சியது எட்டுப் பரப்புத் தோட்டக்காணி. சித்தப்பாவும் மாமாவும் விறாந்தையில் இருந்து கதைத்து, அண்ணை காணியைப் பார்க்கட்டும், சின்னவன் வெளியில போகட்டும் என்று முடித்துவிட்டார்கள். ஏஜென்சிக்குக் கட்ட வட்டிக்குக் காசு எடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. இங்கே வந்து வேலை இல்லாமல், விசாவும் இழுபட்டு, ஒரு அறையில் ஆறு பேராகக் கிடந்த காலத்தில், வரப்போகிறேன் என்று போன் எடுத்தேன். அம்மா அழவில்லை. “இப்ப வராதை தம்பி. கடன் முடியட்டும், தங்கச்சியும் நிக்கிறாள்” என்றார். எறியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கையில் வேறு என்ன இருந்தது?

வியாபாரம் இல்லையா என்று கீழே கருத்து எழுத ஒருவர் வருவார், தெரியும். இருந்தது. நாப்போலிக்கு எதிரே உள்ள பித்தேகூசாய் என்ற தீவுக் குடியேற்றத்தில் எல்பாத் தீவு இரும்பை உருக்கிய கழிவே கிடைத்திருக்கிறது. மிலேத்தோஸ் என்ற கிரேக்க நகரத்தார் கருங்கடல் ஓரமெல்லாம் ஊர் வைத்தார்கள். உள்ளூர்ப் பூசலும் காரணம்: ஸ்பார்டாவில் குடியுரிமை மறுக்கப்பட்டவர்களைக் கப்பலேற்றித்தான் கி.மு. 706 அளவில் தராஸ் உண்டானது, இன்றைய தாரந்தோ. எல்லாவற்றையும் காணிக்குள் அடக்குகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். பிரிட்டிஷ்காரன் மாதிரி லண்டனில் இருந்து ஆண்டதாகவும் நினைக்காதீர்கள். தாய் நகரத்துத் தீயைக் கொண்டுபோவார்கள், சாமியும் அதே சாமி, ஆனால் புது ஊர் தன் அலுவலைத் தானே பார்த்தது.

அதற்காக அவர்கள் பாவங்கள் என்று முழுக்கச் சொல்லவும் மாட்டேன். ஆர்க்கியாஸ் செய்த முதல் வேலை, ஒர்த்திஜியாவில் முன்பே இருந்த சிக்கெல் என்ற உள்ளூர் மக்களைத் துரத்தியது. பிறகு வந்த காணிக்காரரின் வயலில் கில்லீரியர் என்ற அடிமைச்சனம் உழைத்தது. நாங்கள் வந்து யாரையும் துரத்தவில்லை, கிழவர்களைக் குளிப்பாட்டுகிறோம். அதற்கே விசா புதுப்பிக்கப் போனால் விடியமுன் வரிசையில் நிற்க வேண்டும், கவுண்டரில் இருப்பவள் முகத்தைப் பார்த்தும் கதைக்கமாட்டாள்.

இப்போது அண்ணை வாட்ஸ்அப்பில் காணி உறுதியைப் படமெடுத்து அனுப்பி, என் பங்கைத் தன் பெயருக்கு மாற்ற அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பச் சொல்கிறார். “நீ அங்க சொகுசா இருக்கிறாய்தானே” என்கிறார். சிராகூசாவுக்கு வந்த கப்பலில் ஈதியோப்ஸ் என்று ஒரு கொரிந்துக்காரன், இங்கே தனக்குக் கிடைக்கவிருந்த காணிப் பங்கைக் கூட வந்தவனுக்கு ஒரு தேன் பணியாரத்துக்கு விற்றுவிட்டானாம். எனக்கு அந்தப் பணியாரத்தையும் யாரும் காட்டவில்லை. எழுதிக் கொடுக்கமாட்டேன்.