அப்பாவின் சேமநிதியைத் தொட வேண்டாம்

போன சனிக்கிழமை காலை, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, ஒரு குடும்பம் பினாங்குத் தீவில் என்னைப் பார்க்க வந்தது. அப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன், வயது 54. மகள் கணினி அறிவியலில் முதல் வகுப்பில் தேறியவள், சிஜிபிஏ (நான்குக்கு எடுக்கும் சராசரிப் புள்ளி) 3.72. அம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த கணக்கு இருந்தது: பிரிட்டனில் செயற்கை நுண்ணறிவில் ஓராண்டு முதுகலைப் படிப்பு, கட்டணம், தங்குமிடம், விமானச் செலவு எல்லாம் சேர்த்து 220,000 ரிங்கிட்.

"இவளுடைய மாமா மகன் லண்டனில் படித்துவிட்டு வந்துவிட்டான், சார். இவளை இங்கேயே வைத்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று அம்மா கலங்கினார். முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். ஊழியர் சேமநிதியில் ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்க விடும் செஜாத்திரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுத்து, மிச்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கப் போவதாக அப்பா சொன்னதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

ஐயா, அடுத்த ஆண்டு உங்களுக்கு 55. அந்தப் பணம் உங்கள் மருந்துச் செலவு, உங்கள் மனைவியின் அரிசி பருப்பு. நான்கு உறவினர் வாயை அடைப்பதற்காக அதை எடுத்துக் கொட்டாதீர்கள். அந்த ஓராண்டில் இரண்டு பருவம் வகுப்பு, பிறகு சில மாதங்களில் ஒரு சிறிய ஆய்வேடு. பாடப் பட்டியலைப் பார்த்தேன். அதில் பாதியை இந்தப் பெண் இறுதியாண்டிலேயே முடித்துவிட்டாள். மாமா மகனின் பட்டமளிப்புப் படம் அழகாகத்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டு வரவு செலவு வேறு, உங்களுடையது வேறு.

இவ்வளவு நேரமும் மகள் வாய் திறக்கவில்லை. "உனக்கு எதில் மனம் லயிக்கிறது?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். இறுதியாண்டில் அவள் செய்தது சாலைப் பலகைகளை அடையாளம் காணும் நிரல். நண்பர்கள் எல்லாரும் அவரவர் நிரல் எத்தனை விழுக்காடு சரியாகச் சொல்கிறது என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இவள் மட்டும் அது எங்கே தவறுகிறது என்று எழுதி வைத்திருக்கிறாள். 'பெர்ஹெந்தி' (நில்) என்ற சிவப்புப் பலகைப் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினால் சரியாகச் சொல்கிறது. மழைத்துளி சேர்த்தாலும் சரி. இரண்டையும் சேர்த்தால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை என்கிறது. இப்படி நாற்பது பக்கம்.

இந்த நோட்டுக்கு ஒரு துறையே இருக்கிறது. மென்பொருள் பொறியியலும் நம்பகமான செயற்கை நுண்ணறிவும் சேரும் இடம் அது. சாதாரண நிரலைச் சோதிப்பது எளிது. சரியான விடை நம் கையில் இருக்கும். கற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கான படங்களைக் காட்டும்போது ஒவ்வொன்றுக்கும் விடையை யார் எழுதி வைப்பது? அதற்கு ஒரு வழி, உள்ளீட்டைச் சிறிது மாற்றி, விடை மாறக்கூடாத இடத்தில் மாறுகிறதா என்று பார்ப்பது. ஹாங்காங்கில் டி. ஒய். சென் 1998இல் முன்வைத்த 'மெட்டாமார்ஃபிக் டெஸ்டிங்' என்ற சோதனை முறை இது. பெயர் தெரியாமலேயே இந்தப் பெண் அதைச் செய்திருக்கிறாள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபரின் சோதனைத் தானியங்கிக் கார் மோதியது, அவர் இறந்துபோனார். அந்த மென்பொருள் அவரை ஒரு கணம் வாகனம், ஒரு கணம் சைக்கிள் என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்ததை விசாரணை காட்டியது. அதே ஆண்டில் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. அம்மா, உங்கள் மகளின் நிறத்தையும் என் மகளின் நிறத்தையும் நினைத்துப் பாருங்கள். இதை நம் பிள்ளைகள் சோதிக்காமல் வேறு யார் சோதிப்பார்கள்?

வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்தது. அதன் விதிகள் படிப்படியாகத்தான் அமலாகின்றன; முழுமையாக அமலாகும்போது, ஆபத்து அதிகமுள்ள கருவிகளை அங்கே விற்க, அவற்றைச் சோதித்ததற்கும் ஆவணப்படுத்தியதற்கும் சான்று வேண்டியிருக்கும். விற்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இதே விதிதான். நம் அறிவியல் அமைச்சும் அதே ஆண்டு செப்டம்பரில் நெறிமுறை வழிகாட்டியை வெளியிட்டது. இந்தச் சோதனையை முறையாகக் கற்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இடம் உண்டு.

கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம். வகுப்பு முறையில் அல்லாமல் ஆய்வு வழியில் சேர்ந்தால் கட்டணம் அவ்வளவு பெரும்பாரம் இல்லை. இளங்கலையில் சிஜிபிஏ 3.67 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலேயே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். ஆனாலும் முதலில் ஆய்வு முதுகலையில் பதிந்துகொண்டு, ஓராண்டு பார்த்த பிறகு முனைவர் ஆய்வுக்கு மாறுவதே நல்லது என்பேன். ஆய்வு பிடிக்காவிட்டால் முதுகலையோடு கௌரவமாக வெளியே வரலாம்.

ஆனால் கைக்காசு போட்டு முனைவர் பட்டம் படிக்க வேண்டாம். இதில் நான் இறங்கி வரவே மாட்டேன். மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளர் ஊதியம் வர வேண்டும்; இல்லையென்றால் உபகாரச் சம்பளம் வேண்டும். "மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்கட்டும். நம் நாட்டு ஆய்வு மானியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான். முனைவர் பட்டமோ குறைந்தது மூன்று ஆண்டு, பலருக்கு நான்கைத் தாண்டும். நடுவில் பணம் நின்று, பகுதிநேர வேலைக்கு ஓடி, ஆய்வேட்டை மூட்டை கட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேராசிரியரிடம் ஏற்கனவே ஆய்வு செய்யும் மாணவர்கள் இருவரைத் தனியாகச் சந்தித்து, வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்றும் கேட்க வேண்டும்.

"முடிக்கும்போது 27 வயதாகிவிடுமே" என்றார் அம்மா. படித்தாலும் படிக்காவிட்டாலும் அவளுக்கு 27 வரத்தான் போகிறது, அம்மா. நாற்பது பக்கம் யாரும் கேட்காமல் எழுதிய பிள்ளையை அந்த வேலையிலிருந்து பிடுங்கி எடுக்காதீர்கள்.

வியாழக்கிழமை அவள் கெலுகோரில் ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போகிறாள். சான்றிதழ் ஃபைலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். சேமநிதிப் படிவத்தை அப்பா இன்னும் நிரப்பவில்லை. நிரப்ப வேண்டாம் என்று நேற்றும் போன் செய்து சொன்னேன்.