பிள்ளை அளந்து வந்த மூன்று வளவுகள்

போன வியாழக்கிழமை ஒரு தாயும் மகளும் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். தாயின் கைப்பையில் இரண்டு கடிதவுறைகள். ஒன்றில் மகளின் உயர்தரப் பெறுபேறு: கணிதப் பிரிவில் ஒரு சி, இரண்டு எஸ். மற்றதில் கோண்டாவில் காணியின் உறுதி. கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் பொறியியல் பட்டம் படிப்பிக்க வேண்டும், காணியை ஈடு வைத்தால் முதல் வருடக் கட்டணம் சரிவரும், மிச்சத்தை லண்டனில் இருக்கும் சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்றார். "பொறியியல் பீடம் கிடைக்கவில்லை. இதுவும் இல்லாவிட்டால் சனத்துக்கு என்ன சொல்வது?" என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா, அன்றைக்கு உங்களை ஆறுதல்படுத்தித்தான் அனுப்பினேன். இரவு யோசித்துப் பார்த்தபோது அது பிழையென்று பட்டது. சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் மற்றப் பெற்றோரும் வாசிக்கட்டும்.

அந்தக் காணியை ஈடு வைக்காதீர்கள். முதல் வருடத்துக்குக் காணி. இரண்டாம் வருடத்துக்கு என்ன? சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்பது ஒரு தொலைபேசிப் பேச்சு. அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டணம், கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, ஈட்டுக்கு வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எந்த மாதத்தில் எவர் தருவார் என்று எதிரே எழுதிப் பாருங்கள். பெயர் எழுத முடியாத வரி ஒன்று இருந்தாலும் அந்தத் திட்டம் நடக்காது. இரண்டாம் வருடத்தோடு திரும்பி வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் பட்டமும் இல்லை, வீட்டில் காணியும் இல்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. முக்கால் மணித்தியாலம் நீங்கள் மென்பொருளைப் பற்றிப் பேசினீர்கள். பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய கண் என் சுவரில் இருந்த மின்பெட்டியில் நின்றது. "ஐயா, இதில் ஏன் இரண்டு ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது?" என்று கேட்டாள். அவள் அன்று கேட்ட ஒரே கேள்வி அதுதான். வீட்டில் மின்சாரம் நின்றால் யார் பார்ப்பது என்று நான் கேட்டேன். நீங்கள்தான் பதில் சொன்னீர்கள், அம்மா: "இவள்தான், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது."

மூன்றாம் தரம் பரீட்சை எடுப்பது, வங்கி வேலை, மாணவர் விசா ஆகியவற்றைப் பற்றி ஊர் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டது. அவற்றை விடுகிறேன். ஊர் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதிலிருந்து கண்டி வீதியால் வரும் மின்சாரக் கார்களை நீங்களே பார்க்கிறீர்கள். கொழும்பிலிருந்து இங்கே யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வந்து சேரும்போது பட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிடும். எங்கே சார்ஜர் வைப்பது என்று விடுதிக்காரரும் கடைக்காரரும் விசாரிக்கிறார்கள். விற்பவர் எந்த இடத்தைக் காட்டினாலும் "நல்ல இடம்" என்பார். அந்த இடம் உண்மையில் நல்லதா என்று அளந்து, எழுதி, கையெழுத்து வைக்கும் ஆள் வேண்டும். அந்த வேலையைச் சொல்கிறேன்.

பிள்ளையிடம் ஓர் அளவுநாடாவும் கொப்பியும் கொடுத்து, சனிக்கிழமை மூன்று இடங்களைப் பார்த்து வரச் சொன்னேன். ஞாயிறு மாலை பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

முதலாவது, நல்லூர்ப் பக்கம் ஒரு வெறும் வளவு. ஒழுங்கை அகலம், மதில் அருகில் மின்மாற்றி, எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் அவள் கீழே சிவப்பில் எழுதியிருந்தாள்: "திருவிழா 25 நாளும் கோவிலைச் சுற்றி வீதி மூடப்படும்." வெளியூர் வாகனங்கள் அதிகம் வரும் நாட்களில் அந்த வளவுக்குள் ஒரு காரும் நுழைய முடியாது. நான் இன்னொன்றைச் சேர்த்தேன்: உறுதியில் யார் பெயர்? அயலில் விசாரித்தபோது அது ஐந்து சகோதரருக்குப் பிரிக்கப்படாத காணி, மூவர் வெளிநாட்டில். எல்லாரிடமும் அற்றோணித் தத்துவம் வாங்காமல் பத்து வருடக் குத்தகை எழுத முடியாது. யாழ்ப்பாணத்தில் இடத்தை மதிப்பிடும் வேலை அளவுநாடாவோடு முடிவதில்லை. பாதி வேலை உறுதியில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஆஸ்பத்திரி வீதிக்கு அருகில் ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடம். ஒவ்வொரு வாகனமும் எத்தனை நிமிடம் நின்றது என்று குறித்திருந்தாள். பெரும்பாலானவை அரை மணித்தியாலத்துக்குள் போய்விட்டன. அந்த நேரத்துக்குள் மெதுவான 7 கிலோவாட் சார்ஜர் இருபது கிலோமீற்றர் ஓடத்தான் காணும். அங்கே வேகமான சார்ஜர்தான் பொருந்தும். ஆனால் 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று, 160 கேவிஏ மின்மாற்றியின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்கும். அதே மின்மாற்றியில் ஏற்கெனவே எத்தனை கடை, எத்தனை குளிர்சாதனம் தொங்குகிறது என்று மின்சாரம் வழங்கும் அலுவலகத்திடம் கேட்காமல் ஒருவரும் சரியென்று சொல்லக் கூடாது. கார்த்திகை மழையில் அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மூன்று கடைக்காரரிடம் கேட்டு, அவர்கள் காட்டிய உயரங்களைச் சுவரில் சோக்கால் கோடிட்டு அளந்திருந்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, அரியாலைப் பக்கம் ஒரு விடுதி. வருபவர் இரவு தங்குகிறார், கார் எட்டு மணித்தியாலம் நிற்கிறது. 7 கிலோவாட் சார்ஜரே அதற்குள் 56 அலகு ஏற்றிவிடும். பல கார்களுக்கு அது முழுப் பட்டரி. நேரத்துக்கேற்ற கட்டண முறையில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச விலை, 10.30க்குப் பிறகு காலை 5.30 வரை மலிவு. விடுதிக்காரர் விலைகூடிய வேகமான சார்ஜருக்குக் கடன் எடுக்க இருந்தாராம். பிள்ளையின் ஒரு பக்கக் குறிப்பு அந்தக் கடனைத் தவிர்க்கப் போதுமானது.

இதில் அவள் தவறவிட்டவையும் இருந்தன. அவற்றைத்தான் படிக்க வேண்டும். சாதாரண வீட்டிணைப்பு 30 அம்பியர். 230 வோல்ட்டில் அது 6.9 கிலோவாட். 32 அம்பியர் சார்ஜர் ஒன்றே முழு வீட்டையும்விட அதிகம் கேட்கிறது. 22 கிலோவாட் ஏசி (ஆடலோட்ட) சார்ஜர் பூட்டினாலும், காருக்குள் அதை நேரோட்டமாக்கும் மாற்றி 6.6 கிலோவாட்தான் எடுக்குமென்றால் அதற்கு மேல் ஏறாது. ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃபுக்கு வேகச் சொருகி சாடெமோ என்ற வகை, புதிதாக வரும் பல கார்களுக்கு சிசிஎஸ்-2 என்ற வேறு வகை. லீஃபுக்குச் சொருகும் வாய் மூக்கில், வேறு கார்களுக்குப் பக்கவாட்டில். கேபிள் எட்டுமா என்று காரை இரண்டு பக்கமும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

புவித்தொடுப்பு, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, இன்னும் முக்கியம். எங்கள் குடாநாட்டில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே சில அடியில் சுண்ணாம்புக்கல் தட்டும், புவித்தொடுப்புக் கோல் இறங்காது. மாரியில் அதன் மின்தடையை அளந்தால் நல்ல எண் வரும். மண் காய்ந்த ஆவணியில் அதே இடம் வேறு எண் காட்டும். கோடையில் அளக்காத அறிக்கையை நம்பி நனைந்த கையோடு ஒருவர் சொருகியைத் தொடப் போகிறார். குறிகட்டுவான் இறங்குதுறையைப் பாருங்கள். நயினாதீவுக்குப் போகிறவர்களின் வாகனங்கள் மணிக்கணக்காக அங்கே நிற்பதால் ஆசை வரும். ஆனால் கடற்காற்றின் உப்பு பெட்டியைத் தின்னும். நீண்ட மின்வழியின் கடைசியில் மின்னழுத்தம் விழும்; 230 வோல்ட்டிலிருந்து 6 வீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஒரு நாள் முழுக்க அளவைக் கருவியை அங்கே வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

இந்தப் பெயரில் பத்திரிகையில் வேலை விளம்பரம் வராது, அம்மா. அதை மறைக்க மாட்டேன். அடிப்படை மின்தொழில். அவளுக்கு முதற் சம்பளம் வயரிங்கிலிருந்தோ கூரைச் சூரியமின் நிறுவனத்திலிருந்தோதான் வரும். சார்ஜர் இடமதிப்பீடு அதன்மேல் வளரும் திறமை. கார்கள் மெதுவாக வந்தாலும் அடிப்படைத் தொழில் அவளைக் காப்பாற்றும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் சிங்களத்தில் அலுவலகத்தில் பேசவும் இன்றே தொடங்க வேண்டும். இந்த இரண்டிலும் அவள் பின்தங்கியிருக்கிறாள்.

வழி தொலைவில் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின்சாரப் பிரிவு இருக்கிறது. தேசியத் தொழில் தகைமையின் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்கள், 7ஆம் மட்டம் பட்டம். பட்டம் வேண்டுமென்றால் இந்தப் பாதையிலும் அது இருக்கிறது, காணி போகாமல்.

"பொம்பிளைப் பிள்ளை போஸ்டில் ஏறுவதா?" என்று பெரியம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். இந்த வேலைக்கு வேண்டியது அளவுநாடா, அளவைக் கருவி, நடக்கக் கால், கேட்க வாய். ஏற வேண்டி வந்தாலும் பாதுகாப்புப் பட்டியோடு ஏறக் கற்றுக்கொடுப்பார்கள். வெயிலில் ஒரு நாள் முழுக்க நின்று பதினொரு பக்கம் எழுதியவள் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் பெரியம்மாவின் சம்மதம் தேவையில்லை.

இந்த வாரத்தில் ஒரு வேலைநாளில், காலை பஸ்ஸில் பிள்ளையோடு அறிவியல்நகருக்குப் போய்ப் பட்டறையை நேரில் பாருங்கள். அடுத்த சேர்ப்பு எப்போது, என்ன செலவு என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறுதி வீட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும். சித்தப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். என் இலக்கத்தை அவருக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய நேரத்துக்கு நான் காத்திருக்கிறேன். பிள்ளையின் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது, அதை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.