சனியின் வளையம் கோடாகத் தெரிவது ஏன்?

கோண்டாவிலில் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தேன், சனியின் வளையம் வெறும் கோடாகத் தெரிந்தது, கடைக்காரர் பழுதான தொலைநோக்கியைத் தந்துவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது 2025 நவம்பர் கடைசியில் என்றால், தொலைநோக்கியில் பிழை இல்லை.

ஒரு சுளகைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், விளிம்பு மட்டும்தான் தெரியும். அதே கதைதான். சனியின் அச்சு ஏறக்குறைய 27 பாகை சாய்ந்தது. சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். அதனால் ஒரு சுற்றில் இருமுறை, அதாவது 13 முதல் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை, வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும். இம்முறை அது 2025 மார்ச் 23. அன்று சனி சூரியனுக்கு மிக அருகில் நின்றதால் பார்க்க வழியில்லை. நவம்பர் கடைசியில், நம் பார்வைக்கு வளையம் காட்டும் சாய்வு மறுபடி அரைப் பாகைக்கும் கீழே இறங்கியது. உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்! வளையத்தின் குறுக்களவு சுமார் 2,70,000 கிலோமீற்றர், தடிப்போ பல இடங்களில் சில பத்து மீற்றர்தான்.

தயவுசெய்து ஆடியைக் கழற்றித் துடைக்க வேண்டாம். நான் அப்படித் துடைத்து ஒரு கீறல் வாங்கியவன். அப்புறம், அந்தக் கோட்டின் நீட்சியில் ஒரு புள்ளி தெரிந்தால், அது சனியின் நிலவான டைட்டனாக இருக்கலாம். 2032 அளவில் வளையம் நன்றாக விரியும்.